மார்கிரட் இல்லாத புதன்கிழமை

குருநகரில் மார்கிரட்டின் அடுப்படிக் கூரையில் புகை எழாத காலையை எப்போது கண்டீர்கள் என்று அயலவர்களைக் கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டுப் போன நவம்பர் வெள்ளத்தைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களிலும் புகை எழுந்தது. மகளை மன்னாரில் கட்டிக்கொடுத்த அன்றும் எழுந்தது. விடியப் பிழிந்து, அவித்து, அனுப்பிவிட்டுத்தான் கல்யாணச் சேலையைக் கையில் எடுத்தாள்.

இடியப்பம்தான் அவளுடைய தொழில். கணவன் கிறிஸ்ரோபர் போய்ப் பதினொரு வருடம். அவன் இருந்தவரை கடல் சோறு போட்டது, அதன் பிறகு இடியப்ப உரல் போடுகிறது. முதலில் இரண்டு தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். மூன்று வருடங்களுக்கு முன் தெல்லிப்பழையில் தாதிப் பயிற்சி மாணவிகள் தங்கும் தனியார் விடுதி ஒன்றின் காலைச் சாப்பாடு அவள் கைக்கு வந்தது. நூற்றுப் பத்துப் பிள்ளைகள். ஆளுக்கு ஆறு இடியப்பம், சொதி, சம்பல். காலை ஆறே முக்காலுக்கு மேசையில் இருக்க வேண்டும். தாதிப் பிள்ளைகளுக்கு ஞாயிறும் இல்லை, பெருநாளும் இல்லை. ஆகவே மார்கிரட்டுக்கும் இல்லை. ஞாயிறு காலைப் பூசையை அவள் கண்டு மூன்று வருடமாகிவிட்டது. அந்திப் பூசைக்குப் போய்க் கடைசி வாங்குப் பலகையில் இருந்து, பிரசங்கத்தின் பாதியில் தூங்கிவிடுவாள். சுவாமியார் பார்த்தும் பாராதவர்போல் இருந்துவிடுவார். நல்ல மனுசன்.

ஐம்பத்தாறு வயது. வலது தோளைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. ஆஸ்பத்திரியில் காட்டினால் ஓய்வெடுக்கச் சொல்வார்கள் என்று தெரிந்ததால் அவள் காட்டவில்லை. படுத்து எழும்பினால் போகிற களைப்பு அல்ல அவளுடையது. படுக்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே எழும்பும்போதும் இருந்தது. ஆனாலும் அந்த விடுதியை விட அவளால் முடியாது. இரண்டு தேத்தண்ணிக் கடைகளை நம்பி ஒரு மனுசி சீவிக்க முடியாது. விடுதி போனால் மன்னாருக்குப் போய் மருமகனின் வீட்டு மூலையில் பாயை விரிக்க வேண்டியதுதான். அந்த எண்ணம் வரும்போதெல்லாம் அவள் இன்னும் கொஞ்சம் பலமாக உரலை அழுத்துவாள்.

வெள்ளம் வந்த அன்று அடுப்படிக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. மா வைத்திருந்த வாளி மிதந்தது. விடுதிக்குச் சாப்பாடு போகவில்லை. மூன்று நாள் கழித்து, விடுதிக்குப் பொறுப்பான உதயகலா மிஸ் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னாள்.

"அன்ரி, உங்களை நான் குறை சொல்லேல்லை. ஆனால் நூற்றிப்பத்துப் பிள்ளையளும் பிஸ்கற் திண்டிட்டு வார்ட்டுக்குப் போனவை. இன்னொருக்கா உப்பிடி நடந்தால் நிர்வாகம் வேறை ஆளைத்தான் பாக்கும். அதை என்னாலை தடுக்கேலாது. தொழில் தொடர்ச்சித் திட்டம் எண்டு ஒண்டு எழுதித் தாங்கோ. அந்தத் திட்டத்திலை பேர் இருக்கிற ஆக்களிட்டையிருந்து மட்டும்தான் நாங்கள் சாப்பாடு எடுப்பம்."

"திட்டமோ? இடியப்பத்துக்கோ?" என்று கேட்டாள் மார்கிரட்.

"ஓம் அன்ரி. ரவுணிலை தை மாதத்திலை ஒரு வகுப்பு நடக்குது. போயிட்டு வாங்கோ."

போனாள். ஒரு பகல் முழுவதும் ஒரு மண்டபத்தில் முப்பது பேர் இருந்தார்கள். தையல்கடைக்காரர், கோழி வளர்ப்பவர், மிக்சர் பொரிப்பவர், சலூன்காரர் ஒருவர். படிப்பித்தவள் ஒரு இளம்பெண், பெயர் சுவர்ணா, வயது முப்பதுக்குள். நாலு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னாள். முதல் கேள்வி, 'உங்கள் தொழிலுக்கு என்ன நடக்கலாம்?' என்பது. அதைப் பார்த்ததும் மார்கிரட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை, இடம்பெயர்வு, சுனாமி, கொரோனா, காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, இப்போது வெள்ளம். என்ன நடக்கவில்லை என்று கேட்டிருந்தால் சுருக்கமாக எழுதியிருப்பாள்.

அடுத்த பக்கம்தான் முக்கியம். ஒவ்வொரு வேலைக்கும், அது தடைப்பட்டால் யார் செய்வது என்று எழுத வேண்டும். மார்கிரட் பேனையை எடுத்தாள், மளமளவென்று எழுதினாள். பிழிந்து அவிக்க ஒரு கை போதாவிட்டால் கணவனின் தங்கை மக்டலீனும் அவளின் மகள் லவீனாவும். சாப்பாடு கொண்டுபோகும் ஓட்டோவுக்கு மக்டலீனின் மகன் றஜிந்தன். அவனுக்கு முடியாவிட்டால் அவனின் தம்பி கிறிஸ்ரி. மாவுக்குக் கணவனின் சித்தப்பாவின் மருமகன், மில் வைத்திருப்பவர், விறகுக்கு ஒன்றுவிட்ட மச்சான். அடுப்படிக்குள் வெள்ளம் வந்தால் மாற்று இடம், கணவனின் மூத்த அண்ணன் அடைக்கலநாதனின் வீடு. அது மேட்டில் இருக்கிறது, வெள்ளம் ஏறாது. ஏழு பேர். மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் எழுதி முடித்தவள் அவள்தான். பக்கத்தில் இருந்த சலூன்காரர் ஒரு பேரும் கிடைக்காமல் பேனையின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சுவர்ணா தாளை வாங்கி வாசித்தாள்.

"அன்ரி, இவையள் எல்லாரும் உங்கடை சொந்தமோ?"

"ஓம் பிள்ளை. பிறத்தியாரை என்னண்டு நம்புறது?"

"அதில்லை அன்ரி. எல்லாரும் ஒரே குடும்பம், ஒரே தெரு. ஒரு காரியம் வந்தால் எல்லாருக்கும் ஒண்டாத்தானே வரும்?"

"காரியம் வந்தாத்தான் பிள்ளை எங்கடை ஆக்கள் ஒண்டா நிப்பினம்," என்றாள் மார்கிரட்.

சுவர்ணா ஏழு பேரையும் சேர்த்துப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டி அங்கேயும் ஒரு சின்ன வட்டம் போட்டாள். அங்கே கேட்டிருந்த கேள்வி, 'உரிமையாளர் வரமுடியாவிட்டால்?' மார்கிரட் எழுதியிருந்த பதில், 'வருவன்.'

ஒரு பகலை வீணாக்கிவிட்டு, வட்டம் போட்ட தாளோடு வீட்டுக்குப் போவது மார்கிரட்டுக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலைக் கூட்ட இன்னொன்றும் இருந்தது. அவளுக்கு இரண்டு வரிசை பின்னால், உடுவில் கமலாவதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள்.

கமலாவதியும் இடியப்பக்காரிதான். அந்த விடுதி முதலில் அவளிடம்தான் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் கமலாவதியின் மாமியார் செத்துப்போனார். துடக்கு வீட்டில், சாவுத் தீட்டுக் கழியும்வரை, அவித்து ஊருக்குக் கொடுக்க முடியாது. முப்பத்தொரு நாள், அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை, அவளுடைய இடியப்ப உரல் கவிழ்த்தபடி கிடந்தது. விடுதிக்காரர் ஒரு கிழமை பொறுத்தார்கள், பிறகு மார்கிரட்டைத் தேடி வந்தார்கள். மார்கிரட் ஒன்றும் களவெடுக்கவில்லை. வந்ததை வாங்கினாள், அவ்வளவுதான். ஆனால் கமலாவதிக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம் மூன்று வருடமாகச் செருப்புக்குள் போன மணல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. உறுத்தியதே தவிர, அவள் செருப்பைக் கழற்றிப் பார்க்கவில்லை.

திட்டத்தை உதயகலா மிஸ்ஸிடம் கொடுத்தாள். பிரதியைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு அடுப்படிச் சுவரில் மாதாவின் படத்துக்குக் கீழே தொங்கவிட்டாள். இனி ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பங்குனி மாதம், தவக்காலம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மார்கிரட் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தபோது லவீனா தெருவில் அழுதுகொண்டு ஓடி வந்தாள். அடைக்கலநாதன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இடத்திலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அடுத்தநாள் புதன்கிழமை நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று.

மார்கிரட் நெஞ்சிலடித்து அழுதாள். அது ஊருக்காக அழுத அழுகை அல்ல. கிறிஸ்ரோபர் போனபோது அவள் வீட்டு வாசலுக்கு வந்து, ஒரு சொல்லும் பேசாமல் சீமெந்து குழைத்து, இப்போது எரிகிற அந்த மூன்று வாய் அடுப்பைக் கட்டித் தந்தவர் அவர்தான்.

அழுதுகொண்டிருந்தவளுக்கு ஐந்து மணியளவில் நினைவு வந்தது. நாளைக்கு விடுதி. அதை நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். நினைக்காமலிருக்கவும் முடியவில்லை. ஒருவர் கிடத்தப்பட்டிருக்கும்போது அவருடைய சொந்தக்காரர் ஒருவர் வீட்டிலும் அடுப்பு எரிவதில்லை. அயலவர் கொண்டுவருகிற கோப்பியும் பாணும்தான். சவப்பெட்டியின் தலைமாட்டில் இருந்த மக்டலீனின் காதுக்குள் அவள் மெல்லக் கேட்டாள்.

"மச்சாள், நாளைக்கு விடுதிக்கு... ஒரு மூண்டு மணித்தியாலம்..."

மக்டலீன் நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே மார்கிரட்டுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் மக்டலீன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"என்ரை அண்ணை இஞ்சை கிடக்கிறார். உங்களுக்கு இடியப்பமோ மச்சாள்? அவர் கட்டித்தந்த அடுப்பிலையோ?"

மற்றப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மார்கிரட் கூனிக் குறுகிப் போனாள். கறுப்புச் சேலை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அடுப்படியில் மாதாவின் படத்துக்குக் கீழே திட்டம் தொங்கியது. உறையோடு கழற்றிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தாள். மக்டலீன் தலைமாட்டில். லவீனா கால்மாட்டில். றஜிந்தன் ஓட்டோவில் கறுப்புக்கொடி கட்டிச் சுவாமியாரைக் கூட்டி வரப் போய்விட்டான். கிறிஸ்ரி பெட்டி வாங்க நின்றவன், இப்போது பந்தல் போடுகிறான். மில்காரரும் விறகுக்காரரும் வாசலில் கதிரை பரப்புகிறார்கள். ஏழு பேரில் ஆறு பேர் செத்தவீட்டில் இருந்தார்கள். ஏழாவது ஆள் பெட்டிக்குள் இருந்தார். பென்சில் வட்டம் மட்டும் அழியாமல் அப்படியே இருந்தது.

எட்டு வருடமோ பத்து வருடமோ தெரியாது, அவள் அந்த நேரத்தில் அடுப்படி நிலத்தில் சும்மா குந்தி இருந்தது இல்லை. இருந்தாள். போகட்டும், விடுதி போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதுதான் அவளைப் பயப்படுத்தியது. மன்னார் வீட்டு மூலை கண்ணுக்குள் வந்தது. எழும்பி, வகுப்பில் கொடுத்த பேர்ப் பட்டியலைத் தேடி எடுத்தாள். பேரும் ஊரும் தொலைபேசி இலக்கமும் அதில் இருந்தன. உடுவில் என்ற ஊருக்கு நேரே ஒரே ஒரு பேர்தான் இருந்தது, கமலாவதி. இலக்கத்தை அழுத்தினாள்.

"ஆர் கதைக்கிறது?"

"நான் குருநகர் மார்கிரட், அக்கா."

மறுபக்கத்தில் கோழி ஒன்று கொக்கரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மார்கிரட் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பெரியத்தான் அடைக்கலநாதன் செத்ததை, அடக்கம் நாளைக்கு என்பதை, அடுப்பு மூட்டக்கூடாது என்பதை, இன்னொரு முறை தவறினால் விடுதி போய்விடும் என்பதை.

"எங்கடை மாமி செத்து முப்பத்திரண்டாம் நாள்," என்று கமலாவதி மெல்லத் தொடங்கினாள், "நான் மா வறுத்து வைச்சிட்டுத்தான் விடுதிக்குப் போன் எடுத்தனான். இனி வேண்டாம், குருநகரிலையிருந்து வருகுது எண்டு சொன்னவை. அந்த மாவை நான் என்ன செய்தன் எண்டு தெரியுமோ? கோழிக்குப் போட்டனான்."

"தெரியாது அக்கா. ஆனால் உங்களிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்க வேணுமெண்டு தெரியும். கேக்கேல்லை. என்ரை பிழைதான். எனக்கு உண்மையாச் சரியான களைப்பு அக்கா. இதுக்குமேலை என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை."

கோழி மறுபடியும் கொக்கரித்தது.

"எத்தினை பேருக்கு?" என்று கேட்டாள் கமலாவதி.

"நூற்றிப்பத்து. ஆளுக்கு ஆறு."

"மீன்சொதி எண்டால் என்னாலை ஏலாது."

"பால்சொதி காணும் அக்கா. பால்சொதி காணும்."

"இடியப்பப் பெட்டியள் என்னட்டை இருக்கு. எங்கடை தம்பியின்ரை வான் நிக்குது. நீங்கள் போய் உங்கடை ஆளுக்குப் பக்கத்திலை இருங்கோ. வியாழனும் நானே குடுக்கிறன். அடக்கம் முடிஞ்ச அடுத்தநாள் ஒருத்தருக்கும் கை எழும்பாது, எனக்குத் தெரியும்."

ஆனால் அடுத்ததாக அழைத்தபோது உதயகலா மிஸ் இலேசில் விடவில்லை. "அன்ரி, ஆழ்ந்த அனுதாபம். ஆனால் அவவின்ரை பேர் உங்கடை திட்டத்திலை இல்லையே? பேரை எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கோ. நான் ஓம் எண்டுறன்." சட்டம் பேசினாலும் அவளுடைய குரல் இரங்கித்தான் இருந்தது.

மார்கிரட் தாளை மேசையில் விரித்தாள். 'மாற்று அடுப்படி' என்ற கட்டத்தில் இரண்டாவது பேருக்கு இடம் இல்லை. இருந்த பேரை வெட்டினால்தான் எழுதலாம். அந்த மனிதர் நாலு வீடு தள்ளி இன்னும் மண்ணுக்குள் போகாமல் கிடந்தார். அவள் பேனையைப் பிடித்தபடி அவர் கட்டிய அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "பெரியத்தான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அடைக்கலநாதன் என்ற பேரின் மேல் ஒரு கோடு இழுத்தாள். மேலே கமலாவதி, உடுவில் என்று எழுதினாள்.

புதன்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குச் செத்தவீட்டில் அவளுடைய தொலைபேசி சேலைத் தலைப்புக்குள் ஒருமுறை அதிர்ந்தது. 'வந்திட்டுது அன்ரி' என்று உதயகலா மிஸ் அனுப்பியிருந்தாள். மார்கிரட் விக்கி விக்கி அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளுடைய முதுகைத் தடவி, நல்ல மனுசனல்லோ, அழுங்கோ, அழுங்கோ என்றார்கள். அவள் அவருக்காகவும்தான் அழுதாள். சேமக்காலையில் மண் போட்டபோது மக்டலீன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த அடுத்தநாள், விடுதியில் இருந்த கமலாவதியின் பெட்டிகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு மார்கிரட் உடுவிலுக்கு பஸ் ஏறினாள். கமலாவதி விடுதியைத் திரும்பக் கேட்பாள் என்ற பயம் வழியெல்லாம் இருந்தது. கேட்டால் மாட்டேன் என்று சொல்ல வாய் வராது என்பதும் தெரிந்திருந்தது.

கமலாவதி தேத்தண்ணி கொடுத்துவிட்டு எதிரே இருந்தாள்.

"எனக்கு அந்த விடுதி இனி வேண்டாம். இரண்டு நாள் செய்ததுக்கே நாரி விட்டிட்டுது, குனிஞ்சு நிமிரேலாது. நீங்கள் என்னண்டுதான் ஒவ்வொருநாளும் செய்யிறியளோ தெரியாது. ஆனால் நானும் அந்தத் தாளிலை என்ரை அக்காவின்ரை பேரையும் தங்கச்சியின்ரை பேரையும்தான் எழுதினனான். எனக்கும் அந்தப் படிப்பிச்ச பெட்டை வட்டம்தான் போட்டவள். துடக்கு வந்தால் மூண்டு பேருக்கும் துடக்கு." அவள் கொஞ்சம் சிரித்தாள். "எங்கடை கோயில் தேரும் உங்கடை நத்தார்ப் பெருநாளும் ஒருநாளிலை வராது. உங்கடை செத்தவீட்டுக்கு என்ரை அடுப்பு எரியும். என்ரை செத்தவீட்டுக்கு உங்கடை அடுப்பு எரியட்டும். ஆனால் கை பழகாட்டி அவசரத்துக்கு உதவாது. கிழமையிலை ஒருநாள், புதனிலை, நான் விடுதிக்குக் குடுக்கிறன். என்ன சொல்லுறியள்?"

மார்கிரட் தலையாட்டினாள். புதன்கிழமைகளில் தான் என்ன செய்வது என்ற ஒன்றைத்தான் அவளால் யோசிக்க முடிந்தது.

முதல் புதன்கிழமை வந்தது. வழக்கமான நேரத்துக்கு முழிப்பு வந்துவிட்டது. காலை நிலத்தில் வைத்தாள். பிறகு ஞாபகம் வந்து, காலை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். இப்படி இரண்டு முறை நடந்தது. தேத்தண்ணிக் கடைகளுக்கும் அன்று வராது என்று முன்னமே சொல்லியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். எப்போது தூங்கினாள் என்று தெரியாது. யன்னலால் வந்த வெயில் கட்டிலில் ஏறி, கழுத்துவரை வந்துவிட்டது. அவள் அசையவில்லை.

படலை படாரென்று திறந்தது. "மச்சாள்! மச்சாள்!" என்று கத்திக்கொண்டு செருப்பில்லாமல் ஓடி வந்தாள் மக்டலீன். செத்தவீட்டுக்குப் பிறகு அவள் வாய் திறந்து இவளோடு கதைத்தது அதுதான் முதல் தடவை. அறை வாசலில் நின்று, மார்கிரட் கண் திறப்பதைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் கண்ணீர்.

"புகை வரேல்லை... எட்டு மணியாகுது, புகை வரேல்லை... நான் நினைச்சன் நீங்களும்..."

"எனக்கு ஒண்டுமில்லை," என்றாள் மார்கிரட். "இண்டைக்கு உடுவிலாலை குடுக்கினம். திட்டத்தின்ரை கடைசிப் பக்கத்திலை 'வருவன்' எண்டதை வெட்டிப்போட்டு, புதனிலை வரமாட்டன் எண்டு எழுதியிருக்கிறன்."

மக்டலீன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள், கொஞ்ச நேரம் ஏசினாள். சொல்லிப்போட்டுப் படுக்கக் கூடாதோ, என்ரை ஈரல்குலை நடுங்கிப் போச்சு என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி, அடைக்கலநாதன் கட்டிய அடுப்பில் நெருப்பு மூட்டினாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"மச்சாள், தேயிலை எங்கை இருக்கு?"

பதினொரு வருடமாக அந்த வீட்டில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. எழும்பிப் போய் எடுத்துக் கொடுக்கத்தான் உடம்பு உன்னியது. அவள் தலையணையில் தலையை வைத்தபடியே, கொஞ்சம் உரத்துச் சொன்னாள்.

"மேல்தட்டிலை, நீல மூடிப் போத்தலுக்குள்ளை. சீனி கொஞ்சம் கூடப் போடு."